அப்பா அடைத்த வராந்தா

எங்கள் பக்கத்து வீட்டு மிஸ் யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைச் சுரண்டிப் பார்ப்பார். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், கை மட்டும் மெதுவாகக் காலண்டருக்குப் பின்னால் போகும். கட்டைவிரல் நகத்தால் ஒரு பயறு அளவுக்குப் பெயின்ட்டைப் பெயர்த்து, அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மறுநாளே ஒரு தட்டில் பிளம் கேக்கோடு வந்து, காபி ஆறுவதற்குள் எங்கள் ஹால் சுவரைச் சுரண்டிவிட்டார்.

"மேல கிரீம். அதுக்குக் கீழ பச்சை. அதுக்கும் கீழ சுண்ணாம்பு. முதல்ல இது நல்ல வீடாத்தான் இருந்திருக்கு" என்றார்.

வாடகை வீடு. ஓனர் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம். என் கணவர் அன்று மாலை, "அடுத்த தடவை அந்தம்மா வந்தா கேக்கை வாங்கிக்கிட்டு வாசல்லயே பேசி அனுப்பிடு" என்றார். கேக் நன்றாக இருந்ததால் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் மிஸ்ஸாக இருந்தவர். ஒல்லி, நல்ல உயரம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, நகக்கண்ணில் எப்போதும் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரின் தூள். எதைக் காட்டினாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: "முதல்ல எப்படி இருந்துச்சு?" புது சோபாவைக் காட்டினால் பழைய சோபாவை விசாரிப்பார். என் கணவர் முதன்முறையாகத் தலைக்கு டை அடித்துக்கொண்டு கேட்டைத் திறந்த அன்று, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, ஒரிஜினலே நல்லாத்தானே இருந்துச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் டை வாங்கவில்லை.

ஆட்டோக்காரர்களுக்கு வழி சொல்வதும் அப்படித்தான். தெருவின் பழைய பெயர், இடித்துவிட்ட தியேட்டர், மூடிப்போன பேக்கரி, இவைதான் அவருடைய அடையாளங்கள். போனில் டிரைவர் "எல்லி மேடம், எல்லி?" என்று, எங்கே எங்கே என்று கதறுவார். மிஸ் நிதானமாக, அழகான கன்னடத்தில், அந்த ஆள் பிறப்பதற்கு முன்னால் அங்கே இருந்த பெட்ரோல் பங்க்கை விவரித்துக்கொண்டிருப்பார். கடைசியில் நான்தான் போனைப் பிடுங்கி வழி சொல்லுவேன்.

கிறிஸ்துமஸ் காலையில் மிஸ்ஸும் அவருடைய அக்காவும் எங்களையும் சர்ச்சுக்கு அழைத்துப் போவார்கள். ஒரு வருஷம் இளைஞர்கள் சேர்ந்து பழைய கீர்த்தனை ஒன்றுக்கு டிரம்ஸ் வைத்துப் புது ராகம் போட்டிருந்தார்கள். மிஸ் மட்டும் விடாப்பிடியாகப் பழைய ராகத்தில் பாடினார். அது இழுத்து இழுத்துப் பாடுகிற ராகம். சபை முழுக்கப் பாடி முடித்து உட்கார்ந்த பிறகும் அவர் கடைசிச் சரணத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆயர் புன்னகையோடு காத்திருந்தார். மிஸ்ஸுடைய அக்காதான் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஆண்டவருக்குக் கேட்டுச்சு பாப்பா, உக்காரு" என்றார்.

அக்கா மிஸ்ஸுக்கு நேர் எதிர். குள்ளம், பருமன், சிரித்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும். தையல் வேலை. தெருவுக்கே டெய்லர் ஆன்ட்டி. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. தலை நரைத்துப் பென்ஷன் வாங்குகிற தங்கையை அக்கா கடைசி வரை "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார்.

கன்டோன்மென்ட் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற பழைய பங்களாக்களில் ஒன்று அவர்களுடையது. துரைகள் காலத்து வீடு. ஜன்னலுக்கு மேலே மரச்சட்டங்களைக் கூம்பாக அடித்துத் தொப்பி மாதிரி வைத்திருப்பார்களே, மங்கி டாப் என்பார்கள், அது இருந்தது. மங்களூர் ஓடு, சிவப்பு ஆக்சைடு தரை, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கதவுகள். முகப்பில் தூண்கள் வைத்த நீளமான வராந்தா. நாங்கள் போனபோது அந்த வராந்தாவில் பாதியைச் செங்கல் சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள். சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். எல்லாவற்றுக்கும் பளபளவென்று பச்சை எனாமல். அதுதான் அக்காவின் அறை.

பார்க்க நன்றாக இருக்காது. லட்சணமான முகத்தில் பிளாஸ்திரி ஒட்டியது போல இருக்கும். ஆனால் அந்த ஜன்னல்தான் எங்கள் தெருவுக்குச் சாவடி. பிளவுஸ் கொடுக்க வந்தவள் வாங்க வந்தவளிடம் பேசிக்கொண்டு நிற்பாள். கீரைக்காரி கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் கேட்பாள். ஆபீசிலிருந்து வரும்போது நான் வீட்டுக்குப் போவதற்கு முன் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அக்கா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே தெருச் செய்தி முழுவதையும் சொல்லிவிடுவார். துணியைக் கம்பிக்கு நடுவில் நீட்டினால் போதும், உள்ளே போக வேண்டியதே இல்லை.

அந்த வீட்டுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவை எனக்குச் சொன்னது அக்காதான். அவர்களுடைய தாத்தா அங்கே துரையிடம் சமையல்காரராக இருந்தவர். குடும்பம் பின்னால் அவுட்ஹவுஸில் இருந்திருக்கிறது. துரை ஊருக்குப் போய், வீடு கை மாறிக் கை மாறி, ஓடெல்லாம் உடைந்து பாழாகக் கிடந்த காலத்தில், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அவர்களுடைய அப்பா அதை எப்படியோ வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு அவர் செய்த முதல் வேலை வராந்தாவை அடைத்ததுதான். பெரிய மகள் அங்கே மிஷின் போட்டிருந்தாள், மழைச் சாரல் துணியை நனைத்தது. லீவு நாட்களில் தானே செங்கல் அடுக்கி, சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் ஒரு ஜன்னலைப் பிடித்து வந்து பொருத்திவிட்டார். கொத்தனார் இல்லாமல் கட்டிய சுவர். கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

பில்டர்கள் அந்த வீட்டை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாம் என்று காரில் வந்து இறங்குவார்கள். அக்கா ஜன்னலிலிருந்தே பதில் சொல்லிவிடுவார்: "இங்க பிளவுஸ் தைக்கிறோம், வீடு விக்கிறதில்ல. அளவு குடுக்கிறியா?" வீட்டைக் காப்பாற்றுவதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. அதனால் மிஸ் ஓய்வு பெற்று, வீட்டைச் சீர்படுத்துவது என்று முடிவானபோது, மிஸ்ஸைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் அக்காதான்.

வேலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று நடந்தது. துரையின் வம்சத்தில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், தேடிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒரு பழைய போட்டோவின் நகலை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். திறந்த வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் போட்டுத் துரை குடும்பம் உட்கார்ந்திருக்கும் படம். அன்று முதல் மிஸ் பைபிளுக்கு அடுத்தபடி அதைத்தான் அதிகம் பிரித்துப் பார்த்தார்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு மேஸ்திரி ஆட்களோடு வந்தார். நடுவில் யாரோ பூசியிருந்த சிமென்ட்டை எல்லாம் செதுக்கி எடுத்து, பழையபடி சுண்ணாம்பு பூச வேண்டும் என்பது மிஸ்ஸின் உத்தரவு. "சிமென்ட் போட்டா செவுருக்கு மூச்சு முட்டும் மேஸ்திரி. அது மூச்சு விடணும்" என்பார். "நானும் ஸ்வல்ப மூச்சு விட்டுக்கறேன் மிஸ், காலைல இருந்து சுரண்டறேன்" என்று மேஸ்திரி பீடியைப் பற்றவைப்பார். கதவுத் தாழ்ப்பாள்களில் பத்துப் பூச்சுப் பெயின்ட்டைக் கரைத்து எடுத்தால் உள்ளே பித்தளை. மிஸ் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். பழைய காலத்துக் கறுப்பு உருண்டை ஸ்விட்ச்தான் வேண்டும் என்று சிவாஜிநகர் கடை கடையாக ஏறி இறங்கி, அதைப் போட்டு, அதில் ஷாக்கும் அடித்தது. "முதல்லயும் இப்படித்தான் அடிச்சிருக்கும்" என்று கையை உதறிக்கொண்டே சொன்னார். சுண்ணாம்பு பட்டு அவர் விரலெல்லாம் வெடித்திருந்தது. ஒரு நாள்கூட அதைப் பற்றி அவர் முனகி நான் கேட்டதில்லை.

வீடு மாறிக்கொண்டே வந்தது, இல்லை, திரும்பிக்கொண்டே வந்தது. மங்கி டாப்பில் உடைந்த சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றி, அடியில் கண்டுபிடித்த பழைய வெள்ளையையே அடித்தார்கள். தரையைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது, என்னவோ நான் கட்டிய வீடு மாதிரி.

மிச்சம் இருந்தது அந்தப் பச்சைச் சுவர்.

நான் பிளவுஸ் வாங்கப் போயிருந்த ஒரு சாயங்காலம், ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே மிஸ் அந்தப் போட்டோவோடு அக்காவின் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இதை மட்டும் எடுத்துட்டா முடிஞ்சிச்சுக்கா. உனக்கு உள்ள பெரிய ரூம் இருக்கு. அப்பா ரூம். ஃபேன் இருக்கு, பாத்ரூம் ஒட்டியே இருக்கு."

"எனக்கு இது போதும் பாப்பா."

"போட்டோல பாரு. எப்படி இருந்துச்சு பாரு. இந்த செவுரு நடுவுல வந்ததுதானே?"

அக்கா மிஷினை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தாத்தா எங்க இதுல?"

"தாத்தா இல்ல. உள்ள சமைச்சிட்டு இருந்திருப்பாரு."

"ம். தாத்தா இல்ல. அப்பா இல்ல. நானும் இல்ல. போட்டோல இல்லாதது எல்லாம் நடுவுல வந்ததுதான். எல்லாத்தையும் எடுத்துடலாமா?"

"நான் செவுத்தைத்தான் சொல்றேன். உன்னை ஏன் இழுக்கற?"

"முதல்ல எப்படி இருந்துச்சோ அப்படின்னா நான் பின்னாடி அவுட்ஹவுஸ்லதான் இருக்கணும். துரை வீட்டு வராந்தால சமையக்காரன் பேத்திக்கு என்ன வேலை, சொல்லு?"

மிஸ்ஸுக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை மிரட்டிய மனுஷி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இது நம்ம வீடுக்கா. நம்ம வீடு அழகா இருக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?" என்றார்.

அந்த இடத்தில் அக்கா இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும் என்று பிற்பாடு நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் பாப்பா அழுதால் அக்காவுக்குத் தாங்காது. "சரி, எடுத்துக்கோ. இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று சொல்லிவிட்டு, என் பிளவுஸைக் கம்பி வழியாக நீட்டினார்.

மறுநாள் மேஸ்திரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனார். "ஆன்ட்டி, உங்க வாயால சொன்னாத்தான் உடைப்பேன். மிஸ் சொன்னது பத்தாது."

"உடைப்பா. மிஷின் மேல தூசி விழாம உடை" என்றார் அக்கா.

சாய்ந்து நின்ற அந்தச் சுவர் லேசில் விழவில்லை. அப்பா கையில் கிடைத்ததை எல்லாம் உள்ளே வைத்துக் கட்டியிருந்தார். ரயில்வே இரும்புத் துண்டுகூட இருந்தது. அக்கா உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாம் எடுத்துப் பெருக்கி முடித்த பிறகு, தூண்களுக்கு நடுவில் காலை வெயில் உள்வாசல் வரைக்கும் வந்து விழுந்தது. அழகுதான். தெருவே வந்து பார்த்து அழகு என்றது. மிஸ் அங்கேயே நின்று, தூணைத் தடவிக்கொண்டே, "இப்பதான் சரியா இருக்கு, இப்பதான் சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள் அறை பெரிதுதான். ஆனால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஊசியில் நூல் கோக்க அக்கா பட்ட பாட்டை நான் பார்த்தேன். பிளவுஸ் கொடுக்க வருகிறவர்கள் செருப்பைப் படியிலே கழற்றி, பளபளக்கிற ஹாலைத் தாண்டி, கூச்சத்தோடு உள்ளே போக வேண்டியிருந்தது. மிஸ் நல்ல மனதோடுதான், "பாத்து வாங்க, தரை வழுக்கும்" என்பார். கேட்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்டது. ஒவ்வொருவராக முனையில் இருந்த தையல் கடைக்கு மாறினார்கள். கீரைக்காரி கேட்டோடு போய்விட்டாள்.

அக்கா மிஷினைத் திறந்த வராந்தாவிலேயே கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். மிஸ் தடுக்கவில்லை. ஆனால் பழைய வீடுகளைப் பார்க்கிற கூட்டம் ஒன்று அப்போது கேமராவும் தொப்பியுமாக ஞாயிறுதோறும் வரத் தொடங்கியிருந்தது. "ஞாயித்துக்கிழமை மட்டும் மிஷினை உள்ள தள்ளிக்கலாமா அக்கா?" என்று மிஸ் கேட்டார். அக்கா தள்ளிக்கொண்டார். அடுத்த ஞாயிறும் தள்ளிக்கொண்டார். அதற்கடுத்து மழைக்காலம் வந்தது, சாரல் அடித்தது, மிஷின் உள்ளேயே நின்றுவிட்டது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து, ஆனேக்கல்லில் இருக்கும் தம்பி மகள் வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி அக்கா கிளம்பினார். தம்பி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், மகள்தான் இவர்களுக்கு மிச்சமிருந்த சொந்தம். ஒரு வாரம் கழித்து அவள் டெம்போ அனுப்பினாள். தையல் மிஷின் அதில் ஏறியது.

"ரெண்டு மாசத்துல வந்துடுவா. அவளால என்னை விட்டு இருக்க முடியாது" என்றார் மிஸ். எனக்குக் கோபம் வந்தது. வயசுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டேன். அக்கா வரவில்லை. மிஸ் இளைத்துப் போனார். சமைக்கவில்லை என்று தெரிந்து நான் குழம்பு கொடுத்தனுப்பினால், பாத்திரம் கழுவி, உள்ளே ஏதாவது ஒரு பழம் வைத்துத் திரும்பி வரும். வராந்தாவில் பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, "என்கூட ஆனேக்கல் வரைக்கும் வர்றியாம்மா? தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு" என்று கேட்டார். இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அக்காவுக்கு என்ன சொல்வது என்று உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

தம்பி மகள் வீட்டு முன்னறை தெருவைப் பார்த்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டு அக்கா மிஷினோடு உட்கார்ந்திருந்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் பெண்கள் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அக்கா போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டே திரும்பியிருக்கும். தங்கையின் கன்னத்தைப் பிடித்து, "என்னாடி இது, எலும்பும் தோலுமா?" என்றார். வயிறு முட்டச் சாப்பாடு போட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மிஸ், பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை எல்லாம் விட்டுவிட்டு, "வீட்டுக்கு வந்துடுக்கா" என்று மட்டும் சொன்னார்.

அக்கா எச்சில் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். "வரேன். அந்த செவுத்தைத் திரும்பக் கட்டு. கட்டறேன்னு சொல்லு போதும், இப்பவே மூட்டையைக் கட்டிக்கிட்டு உன்கூட பஸ் ஏறறேன்."

ஒரு வார்த்தை. சரி என்கிற ஒரு வார்த்தை. நான் மிஸ்ஸின் முதுகில் லேசாக இடித்தேன். அவர் வாயைத் திறந்தார். அவருக்கும் சொல்ல ஆசைதான், அது முகத்திலேயே தெரிந்தது.

"எப்படிக்கா கட்டறது? அந்த செங்கல் போயிருச்சு. அப்பா கையும் போயிருச்சு. இப்ப மேஸ்திரிய வெச்சுக் கட்டினா அது அந்த செவுரே இல்லியே. டூப்ளிகேட் தானே?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "பாத்தியாம்மா இவளை?" என்று என்னிடம் கேட்டார். "நான் என்னா அந்த செவுத்தை மியூசியத்துலயா வெக்கச் சொன்னேன்? என் மேல சாரல் அடிக்கக் கூடாது, அவ்ளோதான்."

கிளம்பும்போது மிஸ்ஸுக்கு ஒரு பிளவுஸ் துணி எடுத்துக் கொடுத்து, அளவும் எடுத்துக்கொண்டார். இளைத்துவிட்டதால் பழைய அளவு சரிவராது என்றார்.

பஸ் சந்தாபுரா தாண்டும்போது மிஸ், "சரின்னு சொல்லியிருக்கணும் இல்ல?" என்று கேட்டார்.

"ஆமா மிஸ்."

"வாயில வரலம்மா."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த பஸ்ஸிலேயே போய்விட்டது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். பொய்யாக ஒன்றைச் செய்ய அவரால் முடியாது. அதுதான் அவரிடம் நல்லது, அதுவே அவருக்குக் கேடாக வந்து வாய்த்தது.

பிறகு அவர் மனதோடு என்ன போராடினாரோ, ஒரு நாள் லாரியில் சுவர் கட்டுகிற சாலிட் பிளாக் கல் வந்து கேட்டுக்கு உள்ளே இறங்கியது. மேஸ்திரியும் வந்து தூணுக்குத் தூண் நூல் கட்டினார். மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்து, என் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு, "கட்டறேன்கா, ஆள் வந்தாச்சு" என்றார்.

ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் மிஷின் நின்றது.

"வேணாம் பாப்பா. நீ எனக்காகக் கட்டுவ, எனக்குத் தெரியும். ஆனா டெய்லி காலைல அதைப் பாக்கும்போது உன் மூஞ்சி சுளிக்கும். நீ மறைச்சிக்கிட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும். அதை நான் பாக்கணுமா, சொல்லு? இங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல. நீ வேணா வந்து வந்து போ."

மிஸ் "சரிக்கா" என்றார். எந்தச் சரியைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லாமல், சொல்லக் கூடாத இடத்தில் சொன்னார். மேஸ்திரி நூலை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் ஒயிட்ஃபீல்டு பக்கம் சொந்த ஃபிளாட்டுக்குப் போய்விட்டோம். அதன் பிறகு அந்தத் தெருவுக்குப் போவது குறைந்துவிட்டது. கடைசியாக நான் மிஸ்ஸைப் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய வீடுகளைப் பார்க்கிற கூட்டம் அன்று வந்திருந்தது. எல்லோரும் வடக்கே இருந்து வேலைக்கு வந்த சின்ன வயசுக்காரர்கள். மிஸ் நல்ல இங்கிலீஷில், டிராயிங் கிளாஸ் எடுப்பது போல, ஓடு, தாழ்ப்பாள், மங்கி டாப் என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தார். துரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாத்தா இங்கே சமையல்காரர் என்பதைச் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் நின்றார். இரண்டு தூண்களுக்கு நடுவில் கையை நீட்டி, இங்கே ஒரு சுவர் இருந்தது என்றார். பச்சை எனாமல், கம்பி ஜன்னல், உள்ளே தையல் மிஷின், இந்த மூலையில் கட்டில், இந்த ஆணியில் கத்தரிக்கோல் தொங்கும் என்று வெறும் காற்றில் ஒவ்வொன்றாகக் காட்டினார். அத்தனை நுணுக்கமாக அவர் மங்கி டாப்பைக்கூட விளக்கவில்லை. கூட்டம் இல்லாத சுவரை மரியாதைக்காகப் பார்த்தது.

ஒரு பெண், நல்ல பிள்ளைதான், மிஸ்ஸைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்து, "நல்ல வேளை மேடம், அதை எடுத்துட்டீங்க. இவ்வளவு அழகான வராந்தாவை என்ன பாடு படுத்தியிருக்காங்க!" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

மிஸ் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "இந்த வீட்டுல எங்க வீடுன்னு இருந்தது அது ஒண்ணுதாம்மா" என்றார்.

தமிழில் சொன்னார். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.